ஆயா, இது யார்னு தெரியுதா?

  போன பதிவில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியதற்கு ஆளுக்கொரு தைலம் சொல்லியிருந்தீர்கள். எல்லாருக்கும் நன்றி. வலியும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். என்னிடம் படித்தவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும். ஏனென்றால் இதில் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் என் பேத்தி பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டு ஆரணிக்கு வந்திருக்கிறாள். வந்த மூன்றாம் நாள் ஆறு படங்களைக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினாள். ஆறும் மனித முகங்கள். பென்சிலில் வரைந்து, மேலே லேசாக வண்ணம் தீட்டியிருந்தாள். "ஆயா, எப்படி இருக்கு, சொல்லு" என்றாள்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குடா கண்ணு" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "நீ எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னுதான் சொல்ற. நேத்து நான் போட்ட காபியைக்கூட நல்லா இருக்குன்னு சொன்ன. அதுல சர்க்கரையே போடல."

மாட்டிக்கொண்டேன்.

சரி, எதற்காக இந்தப் படங்கள் என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டில் பழகிய பிள்ளைகள், தப்பிருந்தால் கமெண்டில் திருத்துங்கள்.

'பால்டர்ஸ் கேட்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. 1998ல் வந்தது. என் மருமகன் காலேஜில் படித்த காலத்து விளையாட்டு. இப்போது அப்பாவும் மகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள். நம் அம்புலிமாமா கதை போல மந்திரவாதி, வாள்வீரன், பூதம், பாதாளக் குகை எல்லாம் உண்டு. ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் ஊர் ஊராகப் போகும். அந்த ஆறு பேரின் முகங்களும் திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாக இருக்கும். யாருக்கு அடிபட்டது, யார் மயங்கிக் கிடக்கிறார் என்பதை அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விளையாட்டோடு வரும் முகங்கள் பிடிக்கவில்லை என்றால் நாமே வரைந்து உள்ளே வைத்துக்கொள்ளலாமாம். உலகம் முழுக்க ஓவியம் படிக்காத எத்தனையோ பேர் அப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றாள்.

இந்த விளையாட்டுக்கு மூலம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று 1974ல் அமெரிக்காவில் வந்த ஒன்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. கம்ப்யூட்டர் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாயக்கட்டை மாதிரி ஒன்றை உருட்டி, கதை சொல்லிச் சொல்லியே ஆட வேண்டும். முதலில் 1000 பிரதிதான் அச்சிட்டார்கள். படம் வரையப் பெரிய ஓவியரை வைக்கக் காசு இல்லை. தெரிந்த பையன்களை வைத்து வரைந்தார்கள். அதில் சில படங்கள் காமிக்ஸ் புத்தகத்தைப் பார்த்துப் போட்டவையாம். "அதனால நான் வரையறதுல தப்பே இல்ல ஆயா" என்றாள். நான் தப்பு என்று சொல்லவே இல்லையே!

அவளுடைய ஆறு பேரையும் அறிமுகப்படுத்தினாள். திருட்டுத் தொழில் செய்யும் ஒரு பையன். வாள்வீரி ஒருத்தி. அவள் தங்கை, வில் வைத்திருப்பவள். மந்திரம் தெரிந்த ஒரு கிழவி. காயத்துக்கு மருந்து போடும் ஒரு சாமியார். கோடரி வைத்த ஒரு குள்ள மனிதர். ஒவ்வொருவருக்கும் ஊர், பெயர், பிறந்த கதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

"சும்மா நல்லா இருக்குன்னு சொல்லாத. டீச்சர் மாதிரி பார்த்துச் சொல்லு" என்றாள்.

டீச்சர் மாதிரி என்று சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். மேசை இழுப்பறையில் சிவப்பு மைப் பேனா இன்னும் இருக்கிறது. எடுத்தேன். காது கீழே இறங்கியிருக்கிறது, ஒரு சுழி. மூக்கு கோணல், ஒரு சுழி. கழுத்து நீளம், விரல் ஆறு போலத் தெரிகிறது, இடது கண் பெரியது. மடமடவென்று அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஆறு படத்தில் 23 இடம். எண்ணிச் சொன்னது அவள்தான்.

"தேங்க்ஸ் ஆயா" என்று படங்களை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் பென்சிலைத் தொடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்ன 23ம் சரிதான். இப்போது பார்த்தாலும் சரிதான். ஆனாலும் பிள்ளை வரைவதை நிறுத்திவிட்டாள். சரியாகச் சொன்னேனே, பிறகு ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள், தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது புடவைக்கு டிசைன் போடுகிறான். அவன் அப்பா, தாத்தா எல்லாரும் தறி நெய்தவர்கள். வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி ஓடுகிறது. அவன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆரணிக்காரர்கள் யூகித்தாலும் கமெண்டில் எழுத வேண்டாம்.

வீட்டுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். பேத்தி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

ஆரணியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன். புடவைக் கரையில் ஒரு மயில் வர வேண்டும் என்றால் முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். எந்தக் கட்டத்தில் வண்ணம் இருக்கிறதோ அதன்படி அட்டையில் ஓட்டை விழும். ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போய்ப் பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை தூங்கும். ஊடை ஒரு முறை ஓட ஓர் அட்டை. இதை 1804ல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் செய்தார். பின்னால் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டபோது இந்த ஓட்டை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அதாவது என் பேத்தி மடியில் வைத்திருக்கும் லேப்டாப்புக்கு நம் ஊர்த் தறி தூரத்துச் சொந்தம்.

இப்போது அவன் கட்டத்தாளுக்குப் பதில் கம்ப்யூட்டரில்தான் டிசைன் போடுகிறான். திரையில் பெரிதாகத் தெரிந்த அன்னப்பறவையைப் பார்த்துப் பேத்தி, "அங்கிள், இது பிக்சல் ஆர்ட்!" என்று கத்தினாள்.

"அது இன்னா பாப்பா?"

"கட்டம் கட்டமா வரையறது."

"அதைத்தான் எங்க தாத்தா காலத்துல இருந்து பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றான்.

பேச்சு வளர்ந்தது. இவள் விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். படத்தைக் காட்டச் சொன்னான். இவள் என்னைப் பார்த்தாள். பைக்குள்தான் வைத்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள்.

சிவப்புச் சுழிகளைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது டீச்சர் கையாச்சே! 35 வருஷமாகியும் பேனா மாறலியே."

பிறகு படங்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வெளிச்சத்தில் சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்தான். பத்தடி பின்னால் போய் நின்றான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். மூன்று நான்கு நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கூடவே ஒன்று உறைத்தது. நான் அரை மணி நேரம் திருத்தினேன், ஆனால் ஒரு முறையாவது இப்படி நின்று பார்க்கவில்லை.

முதல் படத்தைக் காட்டி, "இந்தப் பையன் பசியா இருக்கான்" என்றான்.

பேத்தி துள்ளிவிட்டாள். "ஆமா அங்கிள்! அவன் திருடன். பசிக்குத்தான் திருட ஆரம்பிக்கிறான். அது கதையில இருக்கு, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கன்னத்துல தெரியுது பாப்பா. இவனைத் தொடாதே, இப்படியே விட்டுடு."

அந்தப் படத்தில் நான் ஐந்து சுழி போட்டிருந்தேன்.

அடுத்து வாள்வீரியையும் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "இவங்க ரெண்டு பேரும் யாரு?"

"அக்கா, தங்கச்சி."

"ஒரே ஆளு ரெண்டு தடவை போட்டோ எடுத்த மாதிரி இருக்கு. அக்கா தங்கச்சின்னா ஜாடை இருக்கும். ஆனா ஒரே முகமா இருக்காது. நீ யாரைப் பார்த்து வரைஞ்ச?"

அவள் யோசித்தாள். "யாரையும் பார்த்து வரையல. எனக்குப் பொண்ணு முகம்னா இப்படித்தான் வருது."

"அதான். கை பழகின முகம். எனக்கும் உண்டு. நான் மயில் போட்டா எல்லா மயிலும் ஒரே மயிலா வரும். அப்புறம் ஒரு நாள் நிஜ மயிலைப் போய்ப் பார்த்தேன்."

பிறகு ஒன்று கேட்டான். "விளையாட்டுல இந்தப் படம் எவ்ளோ பெருசா வரும்?"

அவள் சொன்ன கணக்கு எனக்கு வியப்பாக இருந்தது. அந்தப் பழைய விளையாட்டில் பெரிய படம் 110 புள்ளி அகலம், 170 புள்ளி உயரம். திரை ஓரத்தில் வரும் சின்னப் படம் 38 புள்ளி அகலம், 60 புள்ளி உயரம். அவ்வளவுதான்.

அவன் உடனே கம்ப்யூட்டரில் 38க்கு 60 கட்டம் போட்டான். அவள் படம் ஒன்றைப் போனில் எடுத்து அந்தக் கட்டத்துக்குள் வைத்தான். முகம் கரைந்து போய்விட்டது. "பார்த்தியா? மூக்குக்கு மூணு கட்டம், கண்ணுக்கு ரெண்டு கட்டம் கிடைச்சா பெருசு. நீ ஒரு மணி நேரம் உட்கார்ந்து போட்ட கண்ணிமை இங்க எங்க போச்சு?"

அவளுக்கு முகம் விழுந்தது. ஆனால் இந்த முறை வேறு மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னக் கட்டத்துல மயிலைத் தோகையில காட்டணும். அன்னத்தைக் கழுத்துல காட்டணும். யாளியை வாயில காட்டணும். கண்ணுல காட்ட முடியாது. உன் ஆளுங்களுக்கும் அப்படி ஒண்ணு கண்டுபிடி. கிழவிக்குக் கூன் இருக்கு, நல்லது. குள்ளருக்குத் தாடி இருக்கு. அக்காவுக்கு இன்னா இருக்கு?"

அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அவன் இன்னொன்றும் சொன்னான். ஆறு படத்திலும் வெளிச்சம் ஆறு பக்கத்திலிருந்து வருகிறது. வரிசையாக வைத்தால் ஒரே கூட்டம் போலத் தெரியாது, ஆறு ஊர்க்காரர்கள் போலத் தெரியும் என்றான். எனக்கு இது தோன்றவே இல்லை. நான் ஒவ்வொரு படமாகத் திருத்தினேன், நோட்டு திருத்துகிற மாதிரி. ஆறையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் எங்கப்பா கத்துக்கொண்டே?" என்று கேட்டேன்.

"கூத்துல டீச்சர்" என்றான்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பங்குனி, சித்திரையில் ஊர் ஊருக்குத் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம், மண்ணால் செய்த அவ்வளவு பெரிய உருவம். செய்யாறு பக்கம் புரிசை என்றால் கூத்துக்கே பேர்போன ஊர். கண்ணப்பத் தம்பிரான் இருந்த ஊர். அங்கிருந்து கடல் தாண்டிப் போய் ஆடியிருக்கிறார்கள்.

அவன் சொன்னான்: "கரண்டு நல்லா வராத காலத்துல தீவட்டி வெளிச்சம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். கடைசியில உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் வந்திருக்கிறது யாருன்னு தெரியணும். முகத்துல இருக்கிற கோடு அங்க வரைக்கும் தெரியாது. கிரீடம் தெரியும், புஜக்கட்டை தெரியும், மூஞ்சி சிவப்புன்னு தெரியும். திரைக்குப் பின்னால நின்னு கிரீடத்தை மட்டும் காட்டினாலே ஜனங்க துரியோதனன்னு சொல்லிடுவாங்க. கட்டியக்காரனைக் குல்லாவுல சொல்லிடலாம்."

அந்தக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள், கனம் தெரியாமல் விடிய விடிய ஆடலாம் என்று பேத்திக்குச் சொன்னான். எங்களுக்கு டீ வந்தது. டீ குடித்துக்கொண்டே, சாதாரணமாக, பேத்தியிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை:

"நானும் உன்னை மாதிரி வரைஞ்சேன் பாப்பா. நாலாங்கிளாஸ் படிக்கிறப்ப. கணக்கு நோட்டுல பின்பக்கம். எங்கப்பா அந்த வருஷம் துரியோதனன் வேஷம் கட்டினாரு. விடிய விடிய பார்த்துட்டு நேரா ஸ்கூலுக்கு வந்து, தூக்கக் கலக்கத்துல அவரை வரைஞ்சேன். உங்க ஆயா நோட்டு திருத்துறப்ப பார்த்துட்டாங்க. தூக்கிக் கிளாசுக்கே காட்டி, இது இன்னாடா ராட்சசனான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"அடிச்சேனாப்பா?"

"சேச்சே, நீங்க அடிக்க மாட்டீங்களே டீச்சர். சிரிச்சீங்க. அவ்ளோதான். கீழே சிவப்புல 'கணக்கு நோட்டில் கிறுக்காதே'ன்னு எழுதினீங்க."

உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளே. எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவன் எந்த வரிசையில் உட்கார்ந்தான் என்பது நினைவிருக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவான், அது நினைவிருக்கிறது. இது இல்லை. அவன் 35 வருடமாக வைத்திருந்த ஒன்று எனக்கு அன்று சாயந்திரமே மறந்து போயிருக்கும். ராட்சசன் என்று நான் சொன்னது அவன் அப்பாவை. நாற்பது பிள்ளைகள் முன்னால்.

"அப்புறம் வரையலியா அங்கிள்?" என்று பேத்தி கேட்டாள்.

"வரைஞ்சேன், யாருக்கும் காட்டல. இருபது வயசுல ஒரு மேஸ்திரி கட்டத்தாளைப் பார்த்துட்டு, 'இந்தக் கிளி எங்கேயோ கிளம்புது போல இருக்கே'ன்னாரு. நான் பறக்கப் போற கிளியைத்தான் போட்டிருந்தேன். அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. அன்னைக்கு விட்டவன்தான், இன்னைக்கு வரைக்கும் நிக்கல."

"தப்பு பண்ணிட்டேன்ப்பா" என்றேன். அவன் பதறிப்போய் எழுந்துவிட்டான். "ஐயோ, இன்னா டீச்சர் இது, கதைக்காகச் சொன்னேன், விடுங்க" என்றான். உள்ளே பார்த்து, "டீச்சருக்கு ரெண்டு புடவை எடுத்துக் காட்டு" என்று மனைவியைக் கூப்பிட்டான். பேச்சு புடவைக்குப் போய்விட்டது. அரக்கில் மாங்காய் புட்டா போட்டது ஒன்று எடுத்தேன்.

ஆட்டோவில் வரும்போது பேத்தி கேட்டாள். "நிஜமா அப்படிச் சொன்னியா ஆயா?"

"சொல்லியிருப்பேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். கரும்பலகையில் மாங்காயும் மண்பானையும் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடத்திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். நோட்டு திருத்துவது எப்படி என்று நன்றாகவே பழகிக்கொண்டேன். பிள்ளை எதைச் சொல்ல வந்தது என்று முதலில் பார்ப்பதை நான் பழகிக்கொள்ளவில்லை. கணக்கில் பரவாயில்லை, ஏழெட்டு ஐம்பத்தாறுதான். ஒரு முகத்தை வரைந்து கொண்டுவரும் பிள்ளையிடம் அந்தக் கணக்கு செல்லாது. மூக்கு கோணலா என்று அது கேட்கவில்லை. இது யார் என்று உனக்குத் தெரிகிறதா என்று கேட்கிறது.

எங்கள் வீட்டு ஞாபகம் ஒன்று வந்தது. 1950லிருந்து 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் படம் போட்டார். அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து என் அம்மா வைத்திருந்தார். அம்மாவுக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் போட்ட முகம்தான். பின்னால் வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். மூவரின் முகமும் வேறு வேறு. அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இவன் கொஞ்சம் பெரிய மனுஷனா இருக்கான்", "இவன் குறும்பு போதாது" என்று சொல்வார். ஓவியத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆளைத் தெரியும். 2022ல் சினிமாவாக வந்தபோது எங்கள் வீட்டில் நந்தினிக்காகவும் குந்தவைக்காகவும் இரண்டு நாள் சண்டை நடந்தது, உறவுகளுக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் இதே கேள்விதான். அந்த ஆள் தெரிகிறாளா இல்லையா?

மறுநாள் காலையில் பேத்தி விடியற்காலையிலேயே எழுந்து வரைந்துகொண்டிருந்தாள். கட்டத்தாளில் முதலில் சின்னதாக, வெறும் நிழல் போல ஆறு உருவம். முகமே இல்லை. அப்படியும் ஆறு பேரும் யார் யார் என்று தெரிந்தது. அக்காவுக்கு ஒரு பக்கத் தோள் உயரம், கவசம் அந்தப் பக்கம் மட்டும். தங்கைக்குக் காற்றில் பறக்கும் பின்னல். பிறகுதான் பெரிய படத்துக்குப் போனாள். தங்கை முகத்துக்கு எதிர்வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துப் பார்த்து வரைந்தாள். அக்காவுக்கு யார் மாடல் தெரியுமா? என் பழைய ரேஷன் கார்டு போட்டோ. நான் வாளோடு இருக்கிறேன், சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கிறேன்.

நான்கு நாளில் முடித்துவிட்டு மறுபடியும் என் முன்னால் பரப்பினாள். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. சுவரோரம் வைத்துவிட்டு, முழங்காலோடு போராடிப் பின்னால் போய் நின்றேன். பேசாமல் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, வாய் துடித்தது.

கிழவியைக் காட்டி, "இவ யாரையோ வழியனுப்பிட்டு, அவங்க போன பாதையையே பார்த்துக்கிட்டு நிக்கிறா" என்றேன்.

பேத்தி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நோட்டை எடுத்து வந்து காட்டினாள். கிழவியின் மகன் மந்திரம் கற்றுக்கொள்ளப் போனவன், திரும்பி வரவில்லை என்று எழுதியிருந்தது.

சாமியாரைப் பார்த்து, "இவர் கோபமா இருக்கார்" என்றேன். "இல்ல ஆயா, இவர் அமைதியானவர்" என்றாள். "அப்படின்னா புருவத்தைப் பாரு" என்றேன். அவளே பார்த்தாள், அவளே அழித்தாள். நான் திருத்தவில்லை.

குள்ள மனிதரின் கோடரி எனக்குப் பிடிக்கவில்லை. கையை விடப் பெரியது, இவ்வளவு பெரிய கோடரியைத் தூக்க முடியாது என்றேன். வீடியோ கால் போட்டு டிசைன்காரனிடமும் காட்டினாள், அவனும் பெரியதுதான் என்றான். அவள் மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள். "அவருக்குத் தூக்க முடியும்." சரி, அவள் ஆள், அவள் முடிவு. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவா கேட்கிறார்கள்?

இன்று அந்த ஆறு பேரும் அவள் லேப்டாப்பில் ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள், கட்டைவிரல் நகம் அளவுக்கு. கண்ணாடி இல்லாமலே எனக்கு ஆறு பேரையும் தெரிகிறது. திருடன் மட்டும் பழைய படம்தான். என் ஐந்து சிவப்புச் சுழியையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டாள். அசல் தாளில் அவை இருக்கின்றன. அதை வைத்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று அப்பா அம்மா. சிலர் ஆசிரியர்கள். வீட்டில் ஒரு பிள்ளை ஒரு முகத்தை வரைந்து காட்டினால், கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். என்ன தெரிகிறதோ அதை முதலில் சொல்லுங்கள். யாரை வரைந்தாய் என்று கேளுங்கள. நீங்கள் பார்த்ததும் அது வரைந்ததும் ஒன்றாக இருந்தால் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. வேறாக இருந்தால் எங்கே வேறாயிற்று என்று அதற்கே தெரிந்துவிடும். மூக்கும் காதும் அதற்குப் பிறகு.

இன்னொன்று. என் சிவப்பு மை வாங்கியவர்கள் உங்களில் எத்தனை பேரோ. நான் மறந்து, நீங்கள் மறக்காத ஏதாவது இருந்தால் எழுதுங்கள். கமெண்டில் வேண்டாம் என்றால் தனியாக எழுதுங்கள். வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பேன்.

நேற்று டிசைன்காரனிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன். போடுங்க டீச்சர் என்றான். கடைசியாக ஒன்று கேட்டேன், அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று. இல்லையாம், என்றோ எடைக்குப் போய்விட்டதாம். அப்பாவும் இப்போது இல்லை. "ஞாபகம் இருக்கு டீச்சர், வேணும்னா மறுபடி போட்டுத் தரேன்" என்றான்.

போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவன் அப்பாவாகப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆரணி.